இளைத்தார்க்கு உரைக்கும் நெறி
(இரட்சணிய யாத்திரிகம் பற்றியதோர் ஆராய்ச்சி)

திருச்சிற்றம்பலம்

நோயால் நொந்து கிடப்பான் ஒருவன் அருகிற் சென்று, மருந்தின் குணங்களை நூல்முறையால் விரித்துரைத்து மீள்வான் மருத்துவன் ஆகான். நாடி பார்த்து, மருந்தை அரைத்து, வாயில் ஊட்டி, அன்றிரவு உறங்காது உடனிருப்பானே மருத்துவன் எனப்படுவான். சமயத்தைப் பிறர்க்கு உணர்த்துவார் நிலையும் இத்தன்மையதே. உடலும் உள்ளமும் தளர்ந்தார் ஒருவர்க்குத் தம் கடவுளைப் பற்றி எங்ஙனம் உரைத்தல் வேண்டும்? முதற்கண் நாவை அசைப்பதா, கையை நீட்டுவதா? இவ்வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயினும் கிறித்தவர்க்குப் பெரிதும் உரியது. என்னை? வருந்திச் சுமை சுமப்பார் யாவரையும் தம்பால் வந்து இளைப்பாறுமாறு அவர்தம் தலைவர் அழைத்தனர் என்பது அச்சமயத்தார் யாண்டும் எடுத்தோதும் செய்தியாதலின் என்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தினும் ஈழத்தினும் கிறித்தவர்க்கும் சைவர்க்கும் இடையே நிகழ்ந்த வாதப்போர் சிறிதன்று. ஒருசாரார் கண்டனம் எழுத, மற்றொருசாரார் கண்டனகண்டனம் எழுதினர். அவற்றுட் பெரும்பாலன இன்று ஓதுவாரின்றி ஒடுங்கின. அக்காலத்துத் தோன்றிய கிறித்தவத் தமிழ்நூல்களுள் இன்றும் கற்பாரைப் பெற்று நிலவுவது இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம். வாதநூல்கள் மடிய இந்நூல் வாழ்ந்தது யாதுபற்றி? இதன் செய்யுள் நலம் ஒன்றே அதற்குக் காரணமாகுமா? அன்றி, இளைத்த நெஞ்சோடு இந்நூல் பேசும் முறையிற் சிறந்ததோர் இயல்பு உண்டா? இவற்றை நடுநிலை பிறழாது ஆராய்தல் சைவர்க்கும் பயனுடையதாம்.

நூலும் மூலமும்

இந்நூலாசிரியர் ஹென்றி ஆல்பிரட் கிருட்டிண பிள்ளை. 1827-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். ஆதலின் மைந்தர்க்கும் கம்பர் கவி இளமைக்கண்ணேயே நாவிற் பழகிற்று. 1853-இற் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழ்ப்பண்டிதராய் அமர்ந்தார். ஐந்தாண்டு கழித்து, 1858-இற் சென்னையில் ஞானமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். 1894-ஆம் ஆண்டில் இக்காப்பியம் அச்சேறியது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களையும், 3766 செய்யுட்களையும் உடையது. 1900-ஆம் ஆண்டில் ஆசிரியர் மறைந்தார். அவரைக் கிறித்தவக் கம்பர் எனப் பின்னுள்ளார் பாராட்டுவர்.

இந்நூற்கு முதலாய் நின்றது ஜான் பன்யன் என்பார் ஆங்கிலத்தில் 1678-இல் வெளியிட்ட உரைநடைக் கதை. தமிழில் மோட்சப் பிரயாணம் என்னும் பெயரால் வழங்குவது அது. பன்யன் கல்லூரி கண்டவர் அல்லர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த தொழிலாளர். அரசு உடன்படாத முறையிற் சமயம் உரைத்தார் என்னும் குற்றத்திற்காக 1660-இற் சிறைப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டு பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தார். அவர் மூத்த மகள் கண்ணிலாதவள். இனி உரையேன் என்று ஒரு சொற் சொல்லின் விடுதலை உண்டு. சொல்லாது சிறையிலிருப்பின் கண்ணிலா மகவு காப்பாரின்றி வருந்தும். இவ்விரண்டற்கும் இடையே கிடந்து உழன்ற நெஞ்சிலிருந்து பிறந்தது அக்கதை. தளர்ந்தார்க்கு உரைக்கப் புகுந்தவர் தாமே தளர்ச்சியை உணர்ந்தவர் என்பது முதற்கண் உளங்கொளற்பாலது.

சுமையும் சேறும்

நாசத்திற்கு உரியதோர் நகரில் வாழும் ஒருவன், முதுகிற் பெருஞ்சுமையோடு அழுது நிற்கின்றான். சுமை அவன் பாவம். அதனை இறக்கும் இடம் தேடி வான்நகர் நோக்கி நடக்கின்றான் என்பதே கதை. அவன் தன் துயரை முதலில் மனைவி மக்கட்கே உரைக்கின்றான். அவர்கள் பித்தேறியது போலும் என்று எண்ணி, உறங்கின் தெளியும் எனக் கருதிப் படுக்கையிற் கிடத்துகின்றனர். மறுநாளும் தெளியாமை கண்டு, இகழ்ந்தும் கடிந்தும், ஒருவாற்றானும் பயனின்மையின் பாராமுகமாய் விடுத்தும் ஒழுகுகின்றனர். உள்ளம் நொந்தானிடத்து உலகம் நடந்துகொள்ளும் முறை இதனினும் வேறுண்டோ? முதலில் நகை, பின் சினம், அதன்பின் மறதி. இம்மூன்றையும் ஒரு பக்கத்துள் அடக்கிக் காட்டிய பன்யனது உலகியலறிவு வியத்தற்குரியது.

நெறியிற் புகுந்தான் அவநம்பிக்கை என்னும் சேற்றில் விழுகின்றான். முதுகிற் சுமையிருத்தலின் கரையேற இயலாது அமிழ்கின்றான். அப்பொழுது உதவி என்னும் பெயருடையான் ஒருவன் வந்து, இங்கு வீழ்ந்தது எற்றினால் என்று சுருங்க வினவி, கைகொடுத்துத் தூக்கி, உறுதியான நிலத்தில் நிறுத்துகின்றான். ஆண்டு நீண்ட உபதேசம் ஒன்றும் இல்லை. இச்சேற்றை ஏன் செப்பனிடவில்லை என்று வினவினார்க்கு மூலநூல் கூறும் விடை நுட்பமானது. அரசன் ஆட்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு மேலாக இதனைத் தூர்க்க முயல்கின்றனர், இருபதினாயிரம் வண்டிக்கும் மேற்பட்ட நல்லுபதேசங்கள் இதனுட் கொட்டப்பட்டன, அவையெல்லாம் அமிழ்ந்தன, சேறு சேறாகவே உள்ளது என்பது அவ்விடை.

சமயம் உரைப்பார் யாவரும் ஓலையில் எழுதிக் கண்முன் தொங்கவிடுதற்கு உரிய கருத்து இது. மகவை இழந்த தாயின் முன் வினைக்கொள்கையை விரித்துரைப்பவன் அச்சேற்றில் இன்னும் ஒரு வண்டி மண்ணைக் கொட்டுகின்றான். அவன் கூறுவது பொய்யன்று. ஆயினும் அம்மண் அமிழும். சேற்றில் அமிழ்வானுக்கு வேண்டுவது கால் வைக்கும் படியும், பற்றும் கையுமே. படி அச்சேற்றினூடே உளது. அமிழ்வான் கண்ணுக்கு அது தோன்றுவதில்லை. தோன்றச் செய்வதே உரைப்பான் கடன்.

இருட்சிறையும் இறுதி ஆறும்

வழி நடுவில் அந்த வழிப்போக்கனும் அவன் தோழனும் ஐயக்கோட்டை என்னும் இடத்தில் அவநம்பிக்கை அரக்கன் கையிற் சிக்குகின்றனர். புதன்கிழமை காலை தொடங்கிச் சனிக்கிழமை இரவுகாறும் இருட்சிறையிற் கிடக்கின்றனர். அரக்கன் அவர்களை அடிக்கின்றான். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் தூண்டுகின்றான். வழிப்போக்கன் அதற்கு உடன்படும் அளவு மனமிடிகின்றான். தோழனோ, இன்னும் சிறிது பொறுப்போம், முன்னும் இடர் கடந்தோம் அல்லமோ என்று பழையனவற்றை நினைப்பூட்டி அவனை உயிரோடு வைத்திருக்கின்றான். மூன்றுநாட் சென்றபின் வழிப்போக்கன், இச்சிறையின் எல்லாப் பூட்டையும் திறக்கும் திறவுகோல் தன் மார்பகத்தேயே உள்ளது என்று திடுமென உணர்கின்றான். வாக்குறுதி என்பது அத்திறவுகோலின் பெயர்.

சித்தாந்த நூலுணர்ச்சி உடையார்க்கு இவ்விடம் பேரின்பம் தருவது. திறவுகோல் புறத்திருந்து வரவில்லை. அவனிடத்தே இருந்தும் அவன் அறிந்திலன். உயிர்க்குயிராய் உடனிருக்கும் அருள், மலமறைப்பால் அறியப்படாது கிடந்து, பக்குவம் எய்தியவழி விளங்கித் தோன்றும் என்பதன்றோ சைவர் கொள்கை? தோழனது செயலும் நோக்கற்பாலது. திறவுகோலைக் கண்டவன் தோழன் அல்லன். அவன் செய்த உதவி, காணுங்காறும் தோழனைச் சாகவிடாது காத்ததே. துன்புற்றார்க்கு அயலார் செய்யத்தக்க பேருதவியும் அதுவே என்க. வீடு காட்டுதல் இறைவன் செயல். விடியுமளவும் உடனிருத்தல் மாந்தர் செயல். கதையின் இறுதியில், வான்நகரின் முன்னுள்ள சாவாற்றைக் கடக்குங்கால் வழிப்போக்கன் அஞ்சி மூழ்க, அத்தோழனே அவன் தலையை நீர்க்குமேல் தாங்குகின்றான். கரையில் நின்று கூவாது, உடன் நீரில் இறங்கித் தாங்கிய அச்செயலே நூல் முழுவதன் சாரமாம்.

தமிழ்க்கவியின் திறம்

இக்கதையைத் தமிழிற் கொணர்ந்த கிருட்டிண பிள்ளை மொழிபெயர்ப்பாளராய் நின்றிலர். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் அமைத்து, விருத்தப்பாவின் நடையைக் கம்பரிடத்துக் கற்ற முறையால் ஓட்டி, காப்பிய மரபுக்குள் அக்கதையை நிறுத்தினார். பிறமொழிக் கதை என்னும் நினைப்பின்றித் தமிழ்ப்புலவர் படித்தற்கு இயன்றது இதனாலேயே.

ஆயினும் இளைத்தார்க்கு உரைத்தல் என்னும் அளவுகோலால் அளக்குமிடத்து, நூலின் உயிர் இரண்டிடங்களில் உளது. ஒன்று குமார பருவத்துள் வரும் இரட்சணிய சரிதப் படலம். ஏசுவின் இறுதிப்பாடுகளைக் கூறுவது அப்படலம். பழிப்பாரும் அடிப்பாரும் சூழ நின்றும், மறுமொழி கூறாது பொறுத்த பொறையை ஆசிரியர் காட்சியாகவே காட்டிச் செல்கின்றார். ஆண்டு வாதம் இல்லை, ஆதலின் வலிவுண்டு. பழி சுமந்தான் ஒருவன், பிணியுற்றான் ஒருவன், கேளிராற் கைவிடப்பட்டாள் ஒருத்தி இப்பகுதியைக் கேட்பின், நம் நோயை அறிந்தார் ஒருவர் உளர் என்னும் ஆறுதலைப் பெறுதல் கூடும். சமயம் வேறாயினும் இவ்வாறுதலின் இயல்பை மறுத்தல் முறையன்று.

மற்றொன்று, காப்பியத்தினிடையே ஆசிரியர் தேவாரம் எனப் பெயரிட்டு அமைத்த இசைப்பாடல்கள். அப்பெயரைக் கேட்ட அளவிற் சைவர் சிலர் சினத்தலும் உண்டு. மூவர் முதலிகள் அருளிய திருமுறைக்கு உரிய பெயரைப் பிறசமயத்தார் எடுத்தாளல் தகுமா என்பர். அச்சினத்திற்கு இடமுண்டு எனினும், ஆராய்வார்க்கு வேறொரு பொருளும் ஈண்டுப் புலனாம். புதுச்சமயம் புகுந்த ஒரு புலவர், வாதிக்கும்போது அச்சமயச் சொல்லால் வாதித்தார். அழும்போதோ தமிழ் அடியார் பன்னூறாண்டாக அழுத முறையினாலேயே அழுதார். உருகுதற்கு வேறு மொழி அவர்க்குக் கிடைத்திலது. இதனைத் திருட்டு என்பதினும் கடன் என்பதே நேரிது. கடன் கொண்டாரை இகழ்தலினும், கடன் கொடுக்கும் அளவு தம்மிடத்துள்ள செல்வத்தை அறிந்து போற்றுதலே சைவர்க்கு அழகு. அவர் மறைந்த 1900-ஆம் ஆண்டிலேயே ஜி. யூ. போப்பு என்னும் கிறித்தவப் பெரியார் தம் எண்பதாம் அகவையளவில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார் என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலது. வாதத்தாற் கடக்கலாகாத வேலியை உருக்கம் எளிதிற் கடக்கும்.

குறைகள்

நிறை கூறியவாறே குறையும் கூறுதல் ஆராய்ச்சி முறையாம்.

முதலாவது, கதையின் தொடக்கம் அச்சத்தில் நிற்கின்றது. நகர் எரியும், நாசம் வரும் என்னும் அச்சத்தால் ஓடுபவன் ஒருவனை முன்நிறுத்தியே நூல் புகுகின்றது. செருக்குற்றானுக்கு அச்சம் மருந்தாகலாம். முன்னரே நொந்தானுக்கு அது புண்ணிற் புளியாம். கிறித்தவ சமயம் உரைப்பார் பலர், மூலநூலின் சேற்றுப் பகுதியையும் சிறைப் பகுதியையும் மறந்து, இவ்வச்சப் பகுதியொன்றையே கைக்கொண்டு நோயாளர் படுக்கையருகிலும் நரகம் பேசினர். அது நூலின் பிழை முற்றுமன்று. எனினும் நூல் அதற்கு இடந்தந்தது.

இரண்டாவது, வழிப்போக்கன் மனைவி மக்கள் கூவி அழைப்பவும் காதிற் கைவிரலை இட்டுக்கொண்டு ஓடுகின்றான். தன் நோய் தீர ஓடுவான் பிறர் நோயை விடுத்து ஓடுதல் எங்ஙனம் அறமாகும்? பன்யனே இவ்வினாவை உணர்ந்தார் போலும். 1684-இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியில் அம்மனைவியும் மக்களும் அதே நெறியிற் செல்கின்றனர். பேருள்ளம் படைத்த காவலன் ஒருவன் அவர்களோடு செல்கின்றான். ஊன்றுகோல் பற்றி நடக்கும் முடவனும், நெஞ்சுரமில்லாத மெலியானும், மனச்சோர்வே பெயராகப் பெற்றானும், அச்சமே உருவான அவன் மகளும் வந்து கூடுகின்றனர். வலியார் மெலியார்க்காகத் தம் நடையைத் தாழ்த்தி, அவரை விட்டுச் செல்லாது உடன்கொண்டு போகின்றனர். இளைத்தார்க்கு உரைக்கும் நெறி முழுமையாகக் காணப்படுவது இவ்விரண்டாம் பகுதியிலேயே. தமிழ்க் காப்பியமோ பெரும்பான்மையும் முதற்பகுதியின் போக்கிலேயே சென்று அமைகின்றது. ஊன்றுகோலோடு நடந்த அம்முடவனைக் கம்பர் நடையிற் காணும் பேறு தமிழ் மொழிக்கு வாய்த்திலது.

மூன்றாவது கொள்கை பற்றியது. சிலுவையைக் கண்ட அளவில் முதுகுச்சுமை கட்டவிழ்ந்து வீழ்ந்து உருண்டொழிந்தது என்பது கதை. சுமை என்பது புறத்தே ஏற்றப்பட்டது, இறக்கினால் ஒழிவது. சித்தாந்தம் கூறும் ஆணவமோ உயிரை அநாதியே பற்றியது. செம்பிற் களிம்பு போல உடனாய் நிற்பது. பாத்திரம் செப்பனிட்டு வாழ்ந்த பன்யன் களிம்பை நாடோறும் கண்டவரே. எனினும் உவமை கொள்ளுங்கால் மூட்டையைக் கொண்டார். களிம்பு இறக்கி வைக்கப்படுவதன்று. குளிகை பட்டுச் செம்பே பொன்னாதல் வேண்டும். அங்ஙனமே குருவருளாற் சஞ்சிதம் எரிந்தொழியினும், உடலூழாகிய பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது நூற்றுணிபு. ஒருவர் வினையைப் பிறரொருவர் ஏற்றுத் தீர்த்தார் என்பதும் சைவர்க்கு உடன்பாடன்று. வினைப்பயனை ஊட்டுவானும், ஊட்டுமிடத்து உடன்நின்று தாங்குவானும் இறைவனே என்பதே உடன்பாடு.

இதனாற் சமயம் உரைத்தற்கண் விளையும் வேறுபாடும் உண்டு. சுமை வீழ்ந்தது என்று கேட்டு மகிழ்ந்தவன், மறுவாரம் பழைய துயர் மீளக் கண்டால், தன் நம்பிக்கையே பொய்யோ என்று முன்னினும் பெரிதும் வருந்துவான். களிம்பு என்று கேட்டவனோ, மருந்து வேலை செய்கின்றது என்று பொறுத்திருப்பான். சுமை வீழ்ந்தபின்னும் அந்த வழிப்போக்கன் சிறைப்பட்டான், ஆற்றில் அஞ்சினான் என்று கதையே கூறுகின்றது அன்றோ எனின், அது மெய். அக்கதை தன் கொள்கையினும் தன் காட்சியில் ஆழமுடையது என்பதற்கு அதுவே சான்று.

திலகவதியார் காட்டிய நெறி

இளைத்தார்க்கு உரைக்கும் நெறியைப் பெரியபுராணத்துள் ஒரு பெண்மணியாரே முற்றக் காட்டியுள்ளார். திலகவதியார் தாய்தந்தையரை இழந்தவர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்து மாயக் கேட்டவர். உயிர்விடத் துணிந்தும், தம்பியின்பொருட்டு உயிர் தாங்கியவர். அத்தம்பியாரோ சமணம் புகுந்து தருமசேனர் எனப் பெயர்பெற்றுப் பாடலிபுரத்து வீற்றிருந்தார். அம்மையார் தம்பியை வாதுக்கு அழைத்திலர். அவர் கொள்கையைக் கண்டித்து ஓலை விடுத்திலர். திருவதிகையில் திருக்கோயில் அலகிட்டும் மெழுகியும், இறைவனிடத்து முறையிட்டும் இருந்தார்.

சூலைநோய் பற்றியது. மந்திரமும் மயிற்பீலியும் பயன்படாது ஒழிந்தன. தம்பியார் இரவில், பாயும் உறியிற் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெள்ளாடையாற் போர்த்து, பிறர் அறியாது தமக்கையார் மடத்தை அடைந்து அடியில் வீழ்ந்தார். அவ்விடத்து அம்மையார் என்ன உரைக்கின்றார் என்பதே காணத்தக்கது. முன்னே சொல்லவில்லையா என்னும் சொல் இல்லை; கைவிட்டுச் சென்றனையே என்னும் கடிதல் இல்லை. வீழ்ந்தாரை எழுப்பி, இறைவன் அருளை நினைந்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, வைகறையில் அலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு உடனழைத்துச் செல்கின்றார். அவ்வளவே. எஞ்சியது இறைவன் செயல். தமிழுலகம் நாவுக்கரசரைப் பெற்றது அவ்வமைதியின் பயன் ஆகும். சேற்றிற் கைகொடுத்தவனும் ஆற்றில் தலைதாங்கியவனும் ஒருங்கு கூடிய உருவே திலகவதியார் எனின் மிகையன்று.

கஞ்சியும் கட்டளையும்

ஈண்டு ஒரு தடை எழும். நொந்தாரிடத்துச் சமயம் பேசுதல், அவர் தளர்ச்சியைத் தமக்குப் பயனாக்கிக்கொள்வதன்றோ? பசித்தான் கஞ்சிக்காகத் தலையசைப்பான், நோயுற்றான் மருந்துக்காக உடன்படுவான், அவ்வுடன்பாடு சமயமாகுமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்பின் திருநெல்வேலிச் சீமையிற் பல்லாயிரவர் கிறித்தவராயினர். அவருள் உணர்ந்து சேர்ந்தார் இத்துணையர், உணவுக்குச் சேர்ந்தார் இத்துணையர் எனப் பிரித்தறிதல் எவர்க்கும் அரிது. ஆயின் கொடுத்தான் உள்ளத்தை அறிதற்கு ஓர் அளவுகோல் உண்டு. கேட்டவன், உம் சமயம் எமக்கு வேண்டா என்று மறுத்தபின்னும் நீட்டிய கை நீட்டியபடியே இருந்ததா, மடங்கியதா என்பதே அது. மடங்கிற்றாயின் அது வாணிகம். மடங்காதாயின் அது அன்பு.

இவ்வளவுகோல் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. பஞ்சகாலத்து அடியார்க்கு அமுதளிக்கத் திருவீழிமிழலையில் இறைவனிடம் நாடோறும் படிக்காசு பெற்றவர் அப்பரும் சம்பந்தரும். அம்மரபில் வந்தார் பசித்தார்க்கு என் செய்தனர்? செய்தாரும் உளர். ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். பின் அச்சமயத்தை வாதத்தால் எதிர்த்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய அவரே, 1877-ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் பஞ்சத்தால் வாடியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். இராமலிங்க அடிகள் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அருட்பா பற்றிய வாதத்தில் எதிரெதிர் நின்ற இவ்விரு பெரியாரும் பசியின் முன் ஒரே பக்கம் நின்றனர். ஆயினும் இத்தகையார் சிலரே. பஞ்சத்திலும் பிணியிலும் எளியார் குடிசைக்குச் சென்று வினவிய சைவர் தொகை, சைவத்தை விட்டுச் சென்றாரை இகழ்ந்த சைவர் தொகையிற் சிறுபகுதியும் ஆகாது. திருக்கோயில் வாயிலில் நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டவன், தன்னை உள்ளே அழைத்தவன் வீட்டிற்குப் போயினமை யார் குற்றம்? விடுத்துச் சென்றானை வினவுமுன், விடுத்தார் தம்மை வினவிக்கொள்ளல் நேர்மையாம்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால், இரட்சணிய யாத்திரிகம் கொள்கையளவிற் சித்தாந்தத்தோடு முரணுவது என்பதும், செய்யுளளவில் தமிழன்னைக்கு அணியாவது என்பதும், உருகுமிடத்து உயர்ந்தும் அச்சுறுத்துமிடத்துத் தாழ்ந்தும் செல்வது என்பதும் பெறப்பட்டன. வாதநூல்கள் மடிய அது வாழ்ந்தமைக்குக் காரணம், சுமை சுமந்தான் ஒருவன் சுமை சுமப்பானுக்கு உரைத்த கதையை, அழத்தெரிந்த புலவர் ஒருவர் அடியார் வழக்கிலேயே அழுது பாடியமையேயாம்.

தம் சமயத்தைத் தளர்ந்தார்க்கு உணர்த்த விரும்பும் கிறித்தவர், அவர்தம் நூலிலேயே உள்ள வண்டிக்கணக்கைப் பன்முறை எண்ணுதல் நலம்: இருபதினாயிரம் வண்டி உபதேசம் அமிழ்ந்தும் சேறு தூரவில்லை. சைவரும் தம் புராணத்திலுள்ள திலகவதியாரைப் படித்துக் கைகூப்பி அமையாது, வீட்டிலும் வீதியிலும் அவர்போல ஒழுகுதல் நலம். இளைத்தான் ஒருவன் இரவில் வந்து கதவைத் தட்டும்பொழுது, உள்ளிருப்பார் கையிற் கண்டன நூல் இருக்குமாயின் அவன் மீள்வான். திருநீறும் சிறிது கஞ்சியும் இருக்குமாயின் புகுவான். எச்சமயத்தார் கதவு திறந்திருந்தது என்பதையே அவன் நினைவிற் கொள்வான். எவர் வாதம் வென்றது என்பதை அன்று.

திருச்சிற்றம்பலம்